‘கேள்வி ஞானம்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜாஸ் கலைஞர் ஒருவர் காலமானாலும் சரி, விருது வாங்கினாலும் சரி, நம் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். வறுமையில் பிறந்தார், யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை, கேள்வி ஞானத்திலேயே வாசித்தார், போதையில் விழுந்தார், சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பெயரையும் ஆண்டையும் மாற்றிவிட்டால் அடுத்தவருக்கும் அதே குறிப்பு உதவும். உங்கள் நாளிதழின் இசைப் பக்கமும் இதற்கு விலக்கல்ல. சிலருக்கு அந்த வரிகள் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் கற்றார், யாருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார், வீட்டு வாடகையை எதிலிருந்து கட்டினார் என்ற மூன்றும் இல்லாத குறிப்பில் அந்த மனிதரின் தொழில் எங்கே இருக்கிறது?

வறுமையிலிருந்தே தொடங்குகிறேன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் தந்தை வசதியான பல் மருத்துவர். 1944இல் மகன் நியூயார்க் போய் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் சேர்ந்தது அந்தப் பணத்தில்தான். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 11 வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு மொசார்ட் வாசித்தவர். கல்லூரிக்குள் நுழைந்ததோ மின் பொறியியல் படிக்க. கோல்மன் ஹாக்கின்ஸ் டெனர் சாக்ஸபோனைத் தொடுவதற்கு முன்பே பியானோவும் செல்லோவும் கற்றிருந்தார். டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இவர்களில் யாரையும் ‘தெருவிலிருந்து வந்தவர்’ என்று எழுத முடியாது.

ரான் கார்ட்டரின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டெட்ராய்ட்டின் காஸ் டெக் உயர்நிலைப் பள்ளியில் அவர் செல்லோ மாணவர். வாசிக்கும் வாய்ப்புகள் வெள்ளை மாணவர்களுக்கே போவதைப் பார்த்து டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கு மாறினார். 1959இல் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் இளங்கலை, 1961இல் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலை. அப்படியும் சிம்பொனிக் குழுக்களில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. மரபிசைக்கென்றே தயாரான கை ஜாஸுக்கு வந்தது இப்படித்தான். 2015இல் எடுத்த கணக்குப்படி 2,221 இசைப்பதிவுகளில் வாசித்திருக்கிறார் என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. படிப்பில்லாததால் ஜாஸுக்கு வந்தவர்கள் என்ற நினைப்பை இவர் ஒருவரே தலைகீழாக்கிவிடுகிறார்.

பெயரைப் பார்த்ததுமே நம் வாசகர்களுக்குப் பிடிபடும் இன்னொருவர் விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன், பிறந்தது 1971இல். மூன்று வயதில் வயலின் வகுப்பு. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும், 1998இல் பெர்க்லி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 2013இல் மெக்கார்தர் நிதிநல்கை, அடுத்து ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. வேடிக்கை என்னவென்றால், அவர் பெயர் வாங்கிய பியானோவைத்தான் பெரும்பாலும் தானாகக் கற்றுக்கொண்டார். ஆகவே கேள்வி ஞானம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது எதன்மேல் நிற்கிறது என்று விசாரிக்கச் சொல்கிறேன்.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸின் சிறார் விடுதி பாண்டு வாத்தியக் குழுவில் பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவர் கையில் டிரம்பெட் போன்ற கார்னெட்டைக் கொடுத்தார். பிறகு மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் ஃபேட் மேரபிள் நடத்திய குழுவில் வேலை. இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் ஊன்றியது அங்கேதான். 1922இல் சிகாகோவில் குருநாதர் கிங் ஆலிவருக்கு இரண்டாவது கார்னெட். 1924இல் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழு. சொந்தப் பெயரில் பதிவு செய்யத் தொடங்கியது 1925இல்தான். அதாவது விடுதி ஆசிரியர், படகு, குருநாதரின் குழு, பெரிய குழு என்று நான்கு வகுப்புகள் தாண்டியிருக்கிறார். சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சிகாகோவின் டுசாபிள் உயர்நிலைப் பள்ளியில் வால்டர் டயட் என்ற இசை ஆசிரியரிடம் பயின்றவர்கள் ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின், டைனா வாஷிங்டன். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பெயர் இத்தனை பேர் வரலாற்றில் வருகிறது. நம் குறிப்புகளில் ஒருமுறைகூட வந்ததில்லை.

ராணுவத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் கடற்படை பாண்டில் வாசித்தவர். பியானோ கலைஞர் டேவ் புரூபெக் இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் ராணுவக் குழு நடத்தியவர். போர் முடிந்து திரும்பியவர்களுக்குக் கல்விச் செலவை அமெரிக்க அரசு ஏற்றது. அந்தச் சலுகையில் கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியாவில் இசைக் கோட்பாடு படித்தார். புரூபெக் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டேரியஸ் மியோவிடம் பாடம் கேட்டார். 1950களின் ஜாஸில் இசையமைப்பு நுணுக்கம் கூடியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

சரி, இசைக்குறிப்பே படிக்கத் தெரியாதவர்கள்? பியானோ கலைஞர் எரோல் கார்னருக்குத் தெரியாது. கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரிக்கும் தெரியாது. ஆனால் வெஸ், முன்னோடி கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்தார். அவருக்குக் கிடைத்த முதல் வேலையே அவற்றை அப்படியே வாசித்துக் காட்டுவதுதான். பிறகு பல ஆண்டுகள் இண்டியானாபொலிஸில் பகலில் ரேடியோ தொழிற்சாலை, இரவில் கிளப் என்று உழைத்தார். இதைச் சாதகம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

காதால் கற்பது என்றால் என்ன என்பதற்கு ஒத்திகையில்லாமல் கலைஞர்கள் கூடி வாசிக்கும் ஜாம் மேடை ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் போதும். தலைவர் பாட்டின் பெயரை மட்டும் சொல்வார். சுருதியை வாயால் சொல்லக்கூட நேரமிருக்காது. மூன்று விரலைக் கீழ்நோக்கிக் காட்டினால் மூன்று ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கம்), அதாவது இ-ஃபிளாட் மேஜர். விரல் மேல்நோக்கி இருந்தால் ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றம்). பியானோக்காரர் இ-ஃபிளாட்டில் வாசிக்கும்போது டெனர் சாக்ஸபோன்காரர் தன் வாத்தியக் கணக்குப்படி எஃப்பில் வாசிக்க வேண்டும், ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் சியில். இந்த மாற்றம் யோசிக்காமல் விரலுக்கு வர வேண்டும். தலைவர் தன் தலையைத் தட்டினால் மனோதர்மம் போதும், பல்லவிக்குத் திரும்பு என்று பொருள்.

வழக்கமான மெட்டுக்கு 32 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு). எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல் இரண்டும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு (இதைப் பிரிட்ஜ் என்பார்கள்), நான்காவது மறுபடி முதல் மெட்டு. நிமிடத்துக்கு 240 தட்டு வேகத்தில் ஒரு பாருக்கு ஒரு விநாடி. முழுச் சுற்றும் 32 விநாடியில் முடிந்துவிடும். புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சுற்றின் கடைசிப் பகுதியும் அடுத்த சுற்றின் முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்து அதே மெட்டு மூன்று முறை அடுத்தடுத்து வரும். இரண்டு முறை வாசித்ததும் காது ஏமாந்து, எட்டு விநாடி முன்பாகவே பிரிட்ஜுக்குள் போய்விடுவார்கள். கூட இருப்பவர்கள் ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்தில்), இவர் ஒரு கார்டில். அனுபவமுள்ள டிரம்ஸ்காரர் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஓர் அடி கூடக் கொடுத்து வழிகாட்டுவார். டிரம்ஸோடு நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பது நம் தனி ஆவர்த்தனக் குறைப்பை நினைவூட்டும். ஆனால் அளவு குறைந்துகொண்டே வராது. அங்கேயும் எண்ணிக்கையை விட்டவர் ஊர் அறிய மாட்டிக்கொள்வார்.

சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கருக்கே இது நடந்தது. 15 வயதில் கான்ஸஸ் சிட்டியின் ரெனோ கிளப் மேடையில் வழி தவறினார்; டிரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் சிம்பல் என்ற உலோகத் தட்டைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். இது வரைக்கும் எல்லோரும் எழுதுவார்கள். அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1937 கோடையில் ஓசார்க் மலைப் பகுதியின் விடுதி ஒன்றில் குழுவோடு வேலைக்குப் போனவர், டெனர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோனார். அவற்றை வரி வரியாகப் பாடம் பண்ணினார். கூட வந்தவர்களிடம் கார்டுகளின் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊர் திரும்பியபோது ஆளே மாறியிருந்தார். ‘சிம்பல் எறியப்பட்டது, மேதை பிறந்தார்’ என்று இரண்டையும் ஒட்டிவிட்டால் நடுவிலிருந்த உழைப்பு காணாமல் போகிறது.

அடுத்து பக்கவாத்தியம். தனக்கென்று குழு இல்லாதவர் பாதியில் நின்றுபோனவர் என்ற தொனி நம் எழுத்தில் இருக்கிறது. ஹாரி கார்னி 1927இல் 17 வயதில் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்து, 1974இல் தலைவர் இறக்கும்வரை 47 ஆண்டுகள் பாரிடோன் சாக்ஸபோன் வாசித்தார். அந்தக் குழுவின் நாதம் என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி அவருடையது. ஃபிரெடி கிரீன் 1937 முதல் 1987 வரை கவுண்ட் பேஸி குழுவில் கிதார். தனியாக வாசித்ததே அபூர்வம். ஒரு பாருக்கு நான்கு தட்டு, ஐம்பது ஆண்டுகள். அவர் இல்லாத இரவில் குழுவின் நடை தளர்ந்ததைக் கேட்டவர்களுக்கு அவரைத் ‘துணைக் கலைஞர்’ என்று எழுதக் கை வராது.

தலைவர்களாக வளர்ந்தவர்களும் யாரோ ஒருவருக்குப் பின்னால் நின்றவர்களே. டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவை ஒரு குருகுலம் என்றே சொல்லலாம். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர், ஃபிரெடி ஹப்பர்ட், 1980இல் விண்டன் மார்சாலிஸ் என்று வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே வந்தவர்கள் குழுவுக்கென்று பாட்டு எழுத வேண்டும், தயாரானதும் வெளியே போய்த் தனிக் குழு வைக்க வேண்டும். ஒருவர் போவது தலைவருக்கு நஷ்டமாக எண்ணப்படாத அபூர்வமான ஏற்பாடு.

இனி பணம். இதைத் தொடவே நம்மவர்களுக்குக் கூச்சம். அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் வழக்கமான பதிவு அமர்வு மூன்று மணி நேரம். அதிலிருந்து வெளியிடத்தக்க இசை 15 நிமிடம்வரை எடுக்கலாம். தலைவருக்குப் பக்கவாத்தியக்காரரைவிட இரட்டிப்புச் சம்பளம். சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிய பக்கவாத்தியக்காரருக்கு, இசைத்தட்டு பத்து லட்சம் விற்றாலும் பெரும்பாலும் மேற்கொண்டு எதுவும் வராது. ராயல்டி பாட்டை எழுதியவருக்கு, மனோதர்மத்துக்கு அல்ல. 1939இல் கோல்மன் ஹாக்கின்ஸ் பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’ டெனர் சாக்ஸபோனின் இலக்கணமாகவே ஆனது. அதில் மூல மெட்டு தொடக்கத்தில் சில பார்கள் எட்டிப்பார்ப்பதோடு சரி. மற்றதெல்லாம் அவருடைய கற்பனை. ஆனால் பாட்டுக்கான உரிமைத்தொகை பாட்டை எழுதியவர்களுக்கே போனது.

1940களில் எழுந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியின் காலத்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மெட்டுக்குக் காப்புரிமை உண்டு, அடியில் ஓடும் கார்டு வரிசைக்கு நடைமுறையில் கிடையாது. ஆகவே பழைய பாட்டின் கார்டுகளை வைத்துக்கொண்டு மேலே புதிய மெட்டு கட்டினார்கள். கேட்பவருக்குப் பழகிய நடை, வாசிப்பவருக்கு மனப்பாடமான கார்டு, உரிமை மட்டும் புதியவர் பெயரில். இசைத் தேவைதான் முதல் காரணம் என்றாலும் இந்தக் கணக்கும் அதில் இருந்தது. ஹெர்பி ஹான்காக் இன்னும் ஒரு படி மேலே போனார். 1962இல் முதல் ஆல்பம் பதியும்போது, டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டின் அறிவுரைப்படி தன் பாட்டுகளின் பதிப்புரிமையை நிறுவனத்துக்கு விடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். மறு ஆண்டு தாள வாத்தியக் கலைஞர் மாங்கோ சான்டமரியா அதிலொரு பாட்டை எடுத்து வாசித்துப் பெரிய வெற்றியாக்கினார். வந்த பணத்தில் ஹான்காக் ஒரு கோப்ரா பந்தயக் கார் வாங்கினார். 23 வயதுப் பியானோக்காரருக்குக் கச்சேரிச் சம்பளத்தில் அது நடக்காது.

இன்றைய நிலையும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்கு வாசித்தவருக்கு ராயல்டி இல்லை; எழுதியவருக்கு மட்டுமே. இணைய வானொலி போன்ற டிஜிட்டல் ஒலிபரப்பில் மட்டும் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களின் நிதிக்கு. பழைய பாடகர்களும் கலைஞர்களும் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளாததால் இந்தத் தொகை கேட்பாரற்றுக் கிடப்பதும் உண்டு.

‘சில ஆண்டுகள் காணாமல் போனார்’ என்ற வரிக்கும் ஒரு விளக்கம் தேவை. 1940 முதல் 1967 வரை நியூயார்க் நகரில் மது பரிமாறும் கிளப்பில் வாசிக்கக் காவல்துறை வழங்கும் அட்டை வேண்டும். வழக்கில் சிக்கினால் அட்டை போகும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் இழந்தார்; அதனால்தான் மறு ஆண்டு கார்னகி அரங்கில் பாட முடிந்தவரால் அதே நகரத்துக் கிளப்பில் பாட முடியவில்லை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் இழந்தார். 1957இல் அட்டை திரும்பக் கிடைத்ததும்தான் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் கோல்ட்ரேனோடு வாசித்தார். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை அவருடைய விசித்திர குணத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஒரு காகிதத் துண்டு இல்லாததால் வேலை நின்றது. இசைக் கலைஞர் சங்கங்களிலும் கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்று பல நகரங்களில் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1953இலும், சிகாகோவில் 1966இலும்தான் ஒன்றாக்கினார்கள்.

மேடை மட்டும் சோறு போடாது என்பது அன்றும் இன்றும் ஒன்றே. டபுள் பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் தபால் துறையில் வேலை பார்த்திருக்கிறார். சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி 1955இல் நியூயார்க் வருமுன் பள்ளி இசை ஆசிரியர். டிராம்போன் கலைஞர் மெல்பா லிஸ்டனுக்கு, பாட்டைக் குழுவுக்கேற்ப அமைத்துக்கொடுக்கும் அரேஞ்சர் வேலை கைகொடுத்தது. நடுவில் சில காலம் அலுவலக எழுத்தராகவும் இருந்தார். எடி ஹெண்டர்சன் டிரம்பெட் கலைஞர், மருத்துவரும்கூட. டென்னி ஸைட்லின் பியானோவோடு மனநல மருத்துவம் பார்ப்பவர். வட டெக்ஸஸ் கல்லூரியில் 1947இலேயே நடன இசைக்குழு என்ற பெயரில் ஜாஸ் பட்டப்படிப்பு தொடங்கியது. இன்று பல கலைஞர்களின் நிலையான வருமானம் கல்லூரிச் சம்பளம்தான். சாக்ஸபோன்காரர்கள் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சேர்த்துக் கற்பதற்குக் கலை ஆர்வம் மட்டும் காரணமல்ல. நாடக அரங்கின் இசைக்குழியில் ஒருவரே மூன்று வாத்தியம் வாசிக்க வேண்டும், கூடுதல் வாத்தியத்துக்குக் கூடுதல் சம்பளம். அங்கே மாற்று ஆளாகப் போவதும் தனிக் கலை: நிரந்தர ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காட்சி பார்த்துவிட்டு, ஒத்திகை இல்லாமல் நேரே காட்சியில் வாசிக்க வேண்டும். சொதப்பினால் மறுபடி தொலைபேசி வராது.

உடம்புதான் மூலதனம். 1992இல் டிரம்பெட் கலைஞர் ஃபிரெடி ஹப்பர்ட்டின் மேலுதடு கிழிந்து சீழ் பிடித்தது; பழைய நாதம் முழுமையாகத் திரும்பவில்லை. உதட்டைப் பதமாக்காமல் உச்ச ஸ்தாயியில் இரவெல்லாம் அழுத்தி வாசித்தால், வாத்தியத்தின் பித்தளை வாய்க்கும் பல்லுக்கும் நடுவே சதை நசுங்கும். வலியை மறைக்க இன்னும் அழுத்துவார்கள், புண் இன்னும் ஆழமாகும். ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ இல்லாத முதியவர்களுக்காக 1989இல் ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா தொடங்கப்பட்டது. டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பி இறந்த எங்கிள்வுட் மருத்துவமனையில் அவர் பெயரால் ஜாஸ் கலைஞர்களுக்கு இலவச சிகிச்சை ஏற்பாடு நடக்கிறது.

உங்கள் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த குறிப்பு எழுதுமுன் அந்தக் கலைஞரின் நான்கைந்து ஆல்பங்களின் பின்னட்டையைப் பாருங்கள். யார் என்ன வாசித்தார், எந்தத் தேதியில் பதிவு என்று அங்கே இருக்கும். பாட்டின் பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுதியவர் பெயர், குழுத் தலைவர் பெயரல்ல. கலைஞர் வேறொருவர் ஆல்பத்தில் வாசித்த ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே அவர் யாரிடம் தொழில் பழகினார் என்பது தெரிந்துவிடும். படத்துக்கான வாசகத்திலும் கவனம் தேவை. மேலே ஊதும் கழுத்துக் குழாய் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து இறங்கினால் டெனர். சட்டென்று மடங்கி நேராக நீண்டால் ஆல்ட்டோ. பித்தளையில் நேராக இருப்பதெல்லாம் கிளாரினெட் ஆகாது, அது பெரும்பாலும் சோப்ரானோ சாக்ஸபோன். கிளாரினெட் கறுப்பாக இருக்கும்.

இப்படிக்கு,
நாளிதழின் வாசகர் ஒருவர்